பெத்ரோ செத்தானா, பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினானா? எந்த முடிவைப் போட?

பேட்டைக்காரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். லூயி புனுவல் எடுத்த ‘லோஸ் ஓல்விதாதோஸ்’ பார்த்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் ஒரு சந்தேகத்தைத் தீர்த்து வைக்கணும். 1950-இல் வந்த மெக்சிகோ படம், கறுப்பு வெள்ளை, ஒன்றரை மணி நேரம்கூட வராது. ‘மறக்கப்பட்டவர்கள்’ என்று பேருக்கு அர்த்தம். மெக்சிகோ நகரத்துச் சேரியில் திரியும் பையன்கள் கதை, நடுவில் ஒரு கொலை.

நான் பார்த்த பிரதியில் கடைசியில் பெத்ரோ என்கிற சின்னப் பையனை, கும்பலுக்குத் தலைவனான ஹைபோ அடித்துக் கொன்றுவிடுகிறான். பையன் செத்துக் கிடப்பதைப் பார்த்த மெச்சே என்கிற பெண்ணும் அவள் தாத்தாவும் போலீஸ் நம் தலையில் பழியைப் போட்டுவிடும் என்று பயந்து, உடலைக் கழுதை மேல் ஏற்றி ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டு போய் குப்பைமேட்டுச் சரிவில் உருட்டி விடுகிறார்கள். போகிற வழியில் மகனைத் தேடிக்கொண்டு வருகிற பெத்ரோவின் அம்மாவே எதிரே வருகிறாள், கழுதை மேல் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. இதுதான் நான் பார்த்தது. ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

என் மைத்துனன் அம்பையில் இருக்கிறான். அவன் பார்த்ததில் ஹைபோதான் மேலே இருந்து விழுந்து சாகிறானாம், பெத்ரோ அவனிடமிருந்து தன் காசை எடுத்துக்கொண்டு, தன்னைச் சேர்த்திருந்த சீர்திருத்தப் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போகிறானாம். ஒரு மணி நேரம் போனில் சண்டை. நான் பாதியில் தூங்கியிருப்பேன் என்கிறான்.

சண்டைக்காக மட்டும் கேட்கவில்லை. எங்கள் வீட்டு மச்சியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டியூஷன் பையன்களுக்கு ஒரு படம் போடுவது வழக்கம். அப்பாவின் எட்டு முழ வேட்டிதான் திரை, புரொஜெக்டர் இரவல். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள், எல்லாம் ஒன்பதாவது பத்தாவது. அதில் மூன்று பேர் பள்ளிக்கூடம் போவதும் தெரியாது போகாததும் தெரியாது, விடிகாலையில் மார்க்கெட்டில் மூட்டை இறக்கப் போய்விட்டு வகுப்பில் உட்கார்ந்து தூங்குகிற பயல்கள். இந்தப் படத்தை அவர்களுக்குப் போடணும்னு ஆசை. சப்டைட்டில் படிக்க மாட்டார்கள், பக்கத்தில் நின்று நானே தமிழில் சொல்லிக்கொண்டு வருவேன். ரெண்டு முடிவு உண்டு என்றால் எதைப் போட?

---

குறுக்குத்துறை எழுதியது:

மைத்துனன் சொன்னால் சரின்னு தலையாட்டிட்டுப் போங்க வே, இல்லைன்னா வீட்ல ராத்திரிச் சோறு நிச்சயமில்லை.

நானும் குப்பைமேடுதான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று இருப்பதே இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

---

பழைய ஆபரேட்டர் எழுதியது:

தம்பி, ரெண்டு பேரும் சண்டையை நிறுத்துங்கள். ரெண்டுமே புனுவல் எடுத்ததுதான்.

நான் ஜங்ஷன் பக்கம் ஒரு தியேட்டரில் பதினாறு வருஷம் ஆபரேட்டர். எங்கள் காலத்தில் கடைசி ஷோ முடிய லேட்டாகும் என்றால் ஒரு பாட்டை அப்படியே தாண்டி அடுத்த ரீலைப் போட்டுவிடுவோம், தேர் சமயத்தில் ஒன்றோடு நிற்காது, ரெண்டு பாட்டு போய்விடும். அதனால் முடிவு மாறி இருக்கிறது என்று முதலில் கேட்டபோது எவனோ என்னைப் போல ஒருத்தன் கைவரிசை என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை. படத்தை வெளியிட விடமாட்டார்களோ என்கிற பயத்தில் ஒரு நல்ல முடிவையும் கைவசம் எடுத்து வைத்திருக்கிறார்கள். உங்கள் மைத்துனன் சொன்னது அதுதான். ஹைபோ விழுந்து சாகிறான், பையன் காசோடு பள்ளிக்குத் திரும்புகிறான். அதைப் பயன்படுத்தவே இல்லை. ரொம்ப காலம் கழித்து மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்தின் படக் காப்பகத்தில் கண்டெடுத்தார்கள். இப்போது சில பிரதிகளில் சேர்த்துத் தருகிறார்கள், அதைத் தனியாக யாரோ இணையத்தில் ஏற்றியிருக்கலாம்.

பயந்ததும் சும்மா இல்லை. புனுவல் ஸ்பெயின்காரர், உள்நாட்டுப் போருக்குப் பிறகு நாடு விட்டு நாடு வந்தவர், மெக்சிகோ குடியுரிமை வாங்கியே அப்போது ஒரு வருஷம்தான் ஆகிறது. வந்தேறி ஒருத்தன் எங்கள் ஊர் மானத்தை வாங்குகிறான் என்று கிளம்பிவிட்டார்கள். 1950 நவம்பரில் ரிலீஸ், ஒரு வாரம்கூட ஓடவில்லை, தூக்கிவிட்டார்கள். அவரை நாட்டை விட்டே துரத்தணும் என்றுகூடப் பேசினார்கள். அடுத்த வருஷம் பிரான்சில் நடக்கிற கான் திரைப்பட விழாவுக்குப் படம் போனது. அங்கே கவிஞர் ஒக்தாவியோ பாஸ், பின்னாளில் நோபல் வாங்கினாரே அவர்தான், அப்போது மெக்சிகோ அரசு வேலையில் பாரிஸில் இருந்தார், படத்தைப் பற்றித் தானே ஒரு கட்டுரை எழுதி வருகிறவர்கள் போகிறவர்களிடம் விநியோகித்தார். அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு அரசாங்கத்துக்குப் பிடிக்காத படத்துக்கு நோட்டீஸ் கொடுக்க ஒரு தைரியம் வேண்டும். சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. அப்புறம் என்ன, வெளியூரில் மாலை விழுந்ததும் உள்ளூரிலும் மாலை. மறுபடி ரிலீஸ் செய்து நன்றாக ஓடியது, அந்த நாட்டு ஆரியல் விருதுகளையும் அள்ளிக்கொண்டது. 2003-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துவிட்டது.

இத்தனைக்கும் படப்பிடிப்பு 21 நாள். அதற்கு முன்னால் மாதக் கணக்கில் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு சேரிகளில் சுற்றியிருக்கிறார், பார்த்ததைத்தான் எடுத்திருக்கிறார். கேமரா காப்ரியேல் ஃபிகுரோவா. மேகத்தையும் மலையையும் அழகாகப் பிடிப்பதில் பேர் போன மனுஷன், அவரைக் கூட்டி வந்து வெயிலும் புழுதியும் பாதி கட்டி நிற்கிற கட்டடமும் மட்டும் பிடிக்க வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டடக் கம்பிக்கூட்டைப் பின்னால் பார்த்திருப்பீர்கள், அதன் மேல் நூறு பேர் உட்கார்ந்து வாத்தியம் வாசிக்கிற மாதிரி ஒரு நொடி காட்டணும் என்று புனுவலுக்கு ஆசை. தயாரிப்பாளர் டான்சிகர்ஸ் கூடவே கூடாது என்றுவிட்டார். எனக்கு அது இருந்திருக்கலாம் என்று இன்னும் தோன்றுகிறது.

எதைப் போட என்றால், குப்பைமேட்டைத்தான். படம் என்று அவர் வெளியே விட்டது அதைத்தான்.

---

முக்கூடல் மகள் எழுதியது:

ஆபரேட்டர் அண்ணாச்சி, நல்ல விவரம். ஒன்றை விட்டுவிட்டீர்கள், எனக்கு அதுதான் படத்தில் பெரிசு. பெத்ரோ பசியோடு வீட்டுக்கு வருகிறான், அம்மா சோறு போட மாட்டேன் என்கிறாள். வேலைவெட்டி இல்லாமல் தெருவில் சுற்றுகிறவனுக்கு நான் ஏன் போடணும் என்கிறாள், மற்றப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகின்றன. அந்தக் காட்சி எடுக்கும்போது படத்தில் தலை அலங்காரம் செய்கிற அம்மா, மெக்சிகோவில் எந்தத் தாயும் இப்படிச் சொல்ல மாட்டாள் என்று வேலையை விட்டே போய்விட்டாராம். புனுவலே எழுதியிருக்கிறார்.

நான் அம்மாவோடு சேர்ந்து பார்த்தேன். அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் பீடி சுற்றியவள். ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி என்றால் இருபத்தஞ்சு வீதம் நாற்பது கட்டு. மடியில் சுளகு, தொடை மரத்துப் போகும், ராத்திரி பத்து மணிக்கு இலை வெட்டிக்கொண்டு இருப்பாள். என் தம்பி எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஆத்தில் கிடந்துவிட்டு வருவான், ஒருநாள் அம்மா கத்தரியைக் கீழே வைக்காமலேயே, “அஞ்சு கட்டு மடக்கித் தந்தாத்தாம்லே உனக்குச் சோறு”ன்னு சொன்னாள். அவன் மடக்கித் தரவில்லை. அவளும் போடவில்லை. சட்டிச் சோற்றில் தண்ணியை ஊற்றி மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். விடிய எழுந்து பார்த்தால் சட்டி காலி, யார் சாப்பிட்டது என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை.

படத்தில் அந்தக் காட்சி வந்ததும் அம்மா முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பெத்ரோ எப்படிப் பிறந்தான் என்று அந்த அம்மா அதிகாரியிடம் சொல்கிற இடம் வரும், நானே சின்னப் பிள்ளை, எதிர்த்துத் தடுக்க முடியவில்லை என்று. அப்போது அம்மா, “அவளுக்கு யாரு போட்டா?” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அதோடு அந்தக் கனவு. அம்மா சிரித்த முகமாக, மெதுவாக, மிதக்கிற மாதிரி வந்து மகனுக்குக் கறியை நீட்டுகிறாள், பச்சைக் கறி, நார் நாராகத் தொங்குகிறது. வீட்டில் கிடைக்காதது கனவில் கிடைக்கிறதே என்று பார்த்தால் கட்டிலுக்கு அடியிலிருந்து ஹைபோவின் கை வந்து பிடுங்கிக்கொள்கிறது. கனவில்கூட அந்தப் பயலுக்கு ஒரு வாய் முழுசாக இல்லை.

போடுங்கள். ஆனால் பையன்களின் அம்மாக்களையும் கூப்பிடுங்கள், முடிந்தால்.

---

வீகேபுரம் வாத்தி எழுதியது:

எல்லாரும் போடு போடு என்கிறீர்கள், நான் வேண்டாம் என்கிறேன். பார்க்காமல் சொல்லவில்லை, ரெண்டு தடவை பார்த்துவிட்டுத்தான்.

முதலாவது, வயசு. ஹைபோ பெத்ரோவின் அம்மாவிடம் போகிற இடம் இருக்கிறது. கண் தெரியாத கிழவன் தோன் கார்மெலோ அந்தப் பெண்பிள்ளை மெச்சேயிடம் நடந்துகொள்கிற விதம் இருக்கிறது. காலில்லாத மனுஷனின் தள்ளுவண்டியைப் பிடுங்கிச் சரிவில் உருட்டி விட்டுச் சிரிக்கிறார்கள். பதினாலு வயசுப் பையன் இதைப் பார்த்துச் சிரிப்பானா அழுவானா என்று உங்களால் சொல்ல முடியுமா பேட்டைக்காரரே? என் வகுப்பில் ஒரு பாதி சிரிக்கும்.

ரெண்டாவது, மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவனுக்கு வறுமை எப்படி இருக்கும் என்று வேட்டியில் படம் போட்டுக் காட்டணுமா? இது வயிறு நிறைந்தவர்கள் பார்க்க வேண்டிய படம். ஆரம்பத்திலேயே குரல் சொல்கிறது, நியூயார்க், பாரிஸ், லண்டன் மாதிரிப் பெரிய நகரங்களின் மாளிகைக்குப் பின்னால் இப்படித்தான் இருக்கிறது, இந்தப் படத்தில் நம்பிக்கை தேடாதீர்கள், தீர்வைச் சமூகம்தான் பார்க்கணும் என்று. சமூகத்துக்குச் சொன்னதைப் பிள்ளைகளுக்கு ஏன் சொல்கிறீர்கள்?

காட்டியே தீருவேன் என்றால் அந்த நல்ல முடிவைக் காட்டுங்கள். அவர்களாவது பள்ளிக்கூடத்துக்குத் திரும்பட்டும்.

---

பழைய ஆபரேட்டர் எழுதியது:

வாத்தியாரய்யா, முதல் பாயிண்டை ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கிழவன் காட்சிகளைத் தம்பி முன்னாலேயே பார்த்து வைத்துக்கொண்டு தாண்டிவிடட்டும், நாங்கள் பாட்டைத் தாண்டினதைவிட இதில் நியாயம் இருக்கிறது.

நல்ல முடிவு மட்டும் வேண்டாம். படத்தில் வருகிற அந்தக் கொலையை, ஹூலியான் என்கிற பையனை ஹைபோ எப்படிக் கொன்றான் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். கை ஒடிந்த மாதிரித் துணியில் தொட்டில் கட்டித் தொங்கவிட்டு அதற்குள் கல்லை வைத்துக்கொண்டு, வேலை நேரத்தில் அவனைக் கூப்பிட்டுப் பேசி, அவன் திரும்பி நடக்கும்போது பின்னந்தலையில் போடுகிறான். கூட நின்ற ஒரே தப்புக்கு அந்தப் பாவம் பெத்ரோவையும் பிடித்துக்கொள்கிறது. வீட்டில் பெத்ரோவின் அம்மா கறுப்புச் சேவல் ஒன்றை விளக்குமாற்றால் அடிக்கிறாள், பெத்ரோ அடிக்காதே அடிக்காதே என்று கதறுகிறான், ஏன் என்று அவளுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அத்தனையும் கட்டிவிட்டு ஒரு கூரையிலிருந்து ஒருத்தனைத் தள்ளிவிட்டுக் கணக்கை முடித்தால் அதற்குப் பேர் வேறே.

---

ரத வீதி எழுதியது:

நான் வழக்கமாக இங்கே எழுதுவதில்லை, படித்துவிட்டுப் போகிறவன். அந்த 50 பேசோ (மெக்சிகோ காசு) காட்சியை யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

அந்தச் சீர்திருத்தப் பண்ணைப் பள்ளியில் பெத்ரோ கோபத்தில் கேமரா மேலேயே முட்டையை எறிகிறான், கோழியை அடித்துக் கொல்கிறான். அதற்குப் பிறகும் அந்தத் தலைமை ஆசிரியர் அவன் கையில் 50 பேசோ கொடுத்து, கேட்டைத் திறந்துவிட்டு, சிகரெட் வாங்கிக்கொண்டு வா என்று தனியாக அனுப்புகிறார். பயல் முகத்தில் ஒரு வெளிச்சம் வருமே, படத்திலேயே அவன் அப்படிச் சிரிப்பது அங்கேதான் என்று நினைக்கிறேன். வெளியே வந்தால் ஹைபோ நிற்கிறான், காசு போய்விட்டது.

1994. நான் டவுனில் ஒரு பலசரக்குக் கடையில் நின்றேன், பதிமூணு வயசு. சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முதலாளி ஒரு நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்து, “போய் பத்து ரூவாத் தாளா மாத்திட்டு வா”ன்னார். அதுவரைக்கும் என் கையில் யாரும் நூறு ரூபாய் கொடுத்ததில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து மேலே கையை வைத்துக்கொண்டே போனேன், அப்படிக் கையை வைத்துக்கொண்டு போனதுதான் தப்பு, பையில் ஏதோ இருக்கிறது என்று ஊருக்கே சொன்ன மாதிரி. எங்கள் தெருப் பையன் ஒருத்தன், என்னைவிட அஞ்சு வயசு மூத்தவன், வாகையடி முக்குப் பக்கம் மறித்தான். சிரித்துப் பேசிக்கொண்டே கையை எடுத்துவிட்டுத் தாளை உருவிக்கொண்டான். அடிக்கக்கூட இல்லை.

நான் கடைக்குத் திரும்பிப் போகவில்லை. போய்ச் சொல்லியிருக்கலாம். ஒருவேளை நம்பியிருப்பார். ஆனால் நம்பாமல் போனால்? அந்த ஒரு முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. ஒரு மாசச் சம்பளத்தையும் வாங்கவில்லை. இப்போது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது, சொந்தக் கடை இருக்கிறது, அந்தத் தெரு வழியாகப் போனால் இன்னும் எதிர்ச்சாரியில்தான் நடப்பேன்.

வாத்தியாரய்யா, அந்த நல்ல முடிவில் அவனிடம் காசு திரும்பக் கிடைத்துவிடுகிறது, அதனால் திரும்பிப் போகிறான். காசு கையில் இருந்தால் நானும்தான் போயிருப்பேன்.

---

வீகேபுரம் வாத்தி எழுதியது:

ரத வீதி, இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுத ஓடவில்லை. சரி. ஹைபோ அந்த அம்மாவிடம் போவது, கிழவன் மெச்சேயிடம் நடந்துகொள்வது, இந்த ரெண்டையும் தாண்டுவதாக இருந்தால் போடுங்கள். நானும் வருகிறேன், சிரிக்கிற பாதியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

---

பேட்டைக்காரன் எழுதியது:

நேற்றுப் போட்டாச்சு. லேட்டாக எழுதுவதற்கு மன்னிக்கணும்.

பதினாலு பையன்கள், மூன்று அம்மாக்கள், வீகேபுரத்திலிருந்து வாத்தியாரய்யா பஸ் ஏறி வந்திருந்தார். எங்கள் அம்மா எல்லாருக்கும் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். காற்றில் வேட்டி ஆடிக்கொண்டே இருந்ததால் அடியில் ரெண்டு செங்கலைக் கட்டித் தொங்கவிட்டோம், அப்படியும் கனவுக் காட்சியில் திரை உப்பி அடங்கியது, அது அந்தக் காட்சிக்குப் பொருத்தமாகவே இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாண்ட வேண்டியதைத் தாண்டினேன்.

தள்ளுவண்டி உருளும்போது வாத்தியார் சொன்ன மாதிரியே கொஞ்சம் பேர் சிரித்தார்கள். அவர் எழுந்திருக்கப் பார்த்தார், அதற்குள் மார்க்கெட் பயல்களில் ஒருத்தன் பின்னாலிருந்து, “ஏலே, சிரிக்காதீங்கலே”ன்னான். சிரிப்பு நின்றுவிட்டது. சந்தையில் அப்பன் விட்டுவிட்டுப் போன அந்தச் சின்னப் பையன் ஓஹித்தோஸ், எல்லாரும் போன பிறகும் அப்பா வருவார் என்று நின்றுகொண்டே இருக்கிறானே, அங்கே மூன்று அம்மாக்களில் ஒருவர் எழுந்து கைப்பிடிச் சுவர் பக்கம் போய் நின்றுவிட்டார்.

சோறு போடாத காட்சியில் யாரும் ஆச்சரியப்படவில்லை, முக்கூடல் அக்கா. ஒருத்தன் கேட்டது, “பக்கத்துல தின்னுதுல்லா சார் அந்தப் பிள்ளைங்க, அதுல ஒண்ணு ஒளிச்சு வச்சுக் கொடுக்கக் கூடாதா?” அவ்வளவுதான்.

குப்பைமேட்டு முடிவைத்தான் போட்டேன். விளக்கைப் போட்டதும் ஒருவரும் பேசவில்லை. இன்னொரு முடிவும் உண்டு, பார்க்கிறீர்களா என்று கேட்டேன், சரின்னார்கள், மைத்துனன் அனுப்பின லிங்கில் அந்தத் துண்டையும் காட்டினேன். எனக்கு இது பிடித்திருக்கிறது, அது பிடித்திருக்கிறது என்று பிரிந்து சண்டை போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. அதிகாலை மூட்டைக்குப் போகிற பையன், அதே சிரிக்காதீங்கலே பயல், வேட்டியை அவிழ்க்க எனக்கு ஒத்தாசை செய்துகொண்டே கேட்டான்:

“மொத முடிவுல, காசு கொடுத்து அனுப்புனாரே அந்த சாரு, அவரு பயலத் தேடிப் போனாரா சார்?”

படத்தில் அப்படி ஒரு காட்சி இல்லைன்னு சொன்னேன். அவன் வேட்டியை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, செங்கல் ரெண்டையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டான்.

வாத்தியாரய்யா கடைசி பஸ்ஸை விட்டுவிட்டார், எங்கள் வீட்டுத் தார்சாவில்தான் படுத்தார். விடிகாலை நாலரைக்கு எழுந்து, மார்க்கெட்டுக்கு எந்தப் பக்கம் போகணும் என்று கேட்டார்.